சிலம்பியாத்துக்கு எடுத்த செருப்பு

ஆனி போயி ஆடி பொறந்து, மலையில சாரல் கட்டி, மேலக்கடவு பஸ் ஸ்டாண்டு பூரா பலாப்பழ வாசம் அடிச்சிக்கிட்டு இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில, சிலம்பியாறு தன் தடத்த விட்டு எந்திரிச்சு, படித்துறையில ஏறி, வடக்குத் தெருவுல திரும்பி, டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டுட்டு, டீக்கடை வாசலத் தாண்டி, நேரா எங்க செருப்புக் கடைக்கு வந்துச்சு. வாசப்படியில கால ஒதறிட்டு உள்ள வந்து, ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால நின்னு, "யக்கா, எனக்கு ஒரு செருப்பு எடுத்துக் காட்டுங்க"ன்னுச்சு. நான் அப்பதான் சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கிட்டு இருந்தேன். மொதல் போணிக்கு வந்தவுகள ஏன் எதுக்குன்னு கேக்கப்படாதுன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிச் சொல்லி வச்சிருக்காக. அதனால ஸ்டூலத் தொடச்சுப் போட்டு, எல்லாருகிட்டயும் கேக்கதையே அவகிட்டயும் கேட்டேன்: மலைக்குப் போடவா, தண்ணிக்குப் போடவா?

"ரெண்டுக்கும்"னா.

ஆத்தப் போயி அவ இவன்னு சொல்லுதாளேன்னு முகம் சுளிக்காதீங்க. வந்து நின்ன தோரணையப் பாத்திருந்தா நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்க. ஒரு காலடி அகலத்துக்கு மேல போகாம, தரையில கெடந்த அட்டைப்பெட்டி ஒண்ணக்கூட நனைக்காம, அவ்வளவு அடக்கமா நின்னா. மிச்சமெல்லாம் அவளுக்குப் பின்னால தெருவுல படித்துறை வரைக்கும் வரிசை கட்டி நின்னுச்சு, அயிரையும் கெண்டையும் உள்ள அலஞ்சுக்கிட்டு. அதுக்கும் பின்னால, படித்துறையில குளிச்சுக்கிட்டு இருந்த சனம் பூரா சோப்பு நுரையோட ஓடியாந்துச்சு. எங்க ஊராட்சித் தலைவர் தலை நெறைய சீயக்காயோட, கண்ணத் தொறக்க முடியாம, யாரு கையவோ புடிச்சுக்கிட்டு வந்து, தாயி நீ எங்க வேணும்னாலும் போ, இந்தத் தலைய மட்டும் அலசி விட்டுட்டுப் போன்னு கெஞ்சுதாரு. அவளும் பாவம் பாத்து, வாசல்லயே அவரக் குனிய வச்சு அலசி விட்டா. மத்தவுகளும் அலசிக்கிட்டாக, ஆனா ஒருத்தரும் வீட்டுக்குப் போகல்ல. இப்பேர்ப்பட்ட ஆளு செருப்பு எடுக்கத வேடிக்கை பாக்காம போக யாருக்கு மனசு வரும்?

அவ பேச்சப் பத்தியும் சொல்லிரணும். படித்துறையில துணி துவைக்கவுக பேசுததக் கேட்டே வளந்தவ, அதனால பேச்சும் அதே பேச்சு. நாலு வார்த்தைக்கு ஒரு மூதி, ஒரு சவம். நடுநடுவுல யாரு வீட்டு மருமக யாரப் பத்தி என்ன சொன்னான்னு சாதாரணமா வந்து விழும். தலைவரோட பல்செட்டு எந்தக் கல்லுக்கடியில கெடக்குன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னா. டீக்கடை செம்பகவடிவு மதினி புருசன் செத்த அன்னைக்கு அழுதத விட, மூக்குத்தி ஆத்துல விழுந்த அன்னைக்கு அழுததுதான் ஜாஸ்தின்னு சொன்னா. மதினி சிரிச்சுச் சமாளிச்சா. ஆனா அந்த நிமிசத்துல இருந்து ஊரே அவகிட்ட வாங்க, உக்காருங்க, மோர் குடிக்கீங்களான்னு பணிவாப் பேச ஆரம்பிச்சிருச்சு, ஏன்னா தண்ணிக்குள்ள வாய வச்சு ஏதாவது ஒண்ணு பொலம்பாத ஆளு இந்த ஊருல ஒருத்தரும் கெடையாது.

நானும் பொலம்பியிருக்கேன். அதைச் சொல்லாம மேல போனா ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்காது.

என் பேரு முப்பிடாதி. என் தாய்வீடு மலை மேல ஊத்துமேட்டுல இருக்கு. சிலம்பியாறு பொறக்க ஊத்துக்குப் பக்கத்துல, மிளகுக்கொடியும் பலாமரமுமா சின்னதா ஒரு குடியிருப்பு, அதுல எங்கம்மா உச்சிமாகாளியோட வீடு. கீழ செருப்புக்கடை வச்சிருக்க ஆவுடையப்பனுக்கு என்னையக் கட்டி வச்சாக. கல்யாணப் பந்தியில மலையில இருந்து வந்த எங்காளுக எலைக்கு மட்டும் பாயாசம் வரல்ல. பரிமாறினவன் வேணும்னு விட்டானா, அண்டாவுல தீந்து போச்சான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எங்கம்மா கொஞ்ச நேரம் எலையப் பாத்தா, மடிச்சா, எந்திரிச்சா, கையக் கழுவினா, மலையேறிப் போயிட்டா. ஆடி பொறந்தா புதுப் பொண்ணத் தாய்வீட்டுல இருந்து சீரோட வந்து அழைச்சிட்டுப் போகணும், அதுதான மொறை? அந்த ஆடிக்கு அழைப்பு வரல்ல. அடுத்த ஆடிக்கு வரல்ல. அதுக்கு அடுத்த ஆடிக்கும் வரல்ல. அழைக்காத வீட்டுக்குப் போக நான் என்ன நாதியத்தவளா? அவ அழைக்கட்டும்னு நான் இருந்தேன். வழி தெரியாதா, வரட்டும்னு அவ இருப்பான்னு நெனச்சுக்கிட்டேன். மிளகு மூட்டையோட எறங்கி வார மலை ஆளுக எங்க கடை வாசல்லதான் பஸ்ஸுக்கு நிப்பாக. எங்கம்மா எப்படி இருக்கான்னு நான் கேக்க மாட்டேன், அவுகளும் வாயத் தொறக்க மாட்டாக. சாரல் பாக்க வார வெளியூருக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் கால அளந்து, செருப்ப மாட்டி, எங்கம்மா இருக்க மலைக்கு அனுப்பிக்கிட்டே இருந்தேன், நான் மட்டும் போகல்ல. ஒரு தடவகூட மூஞ்சியப் பாக்காம அம்மா செத்துப் போயிருவாளோன்னு நெஞ்ச அடைக்கும்போது, படித்துறைக்குப் போயி முகத்தத் தண்ணிக்குள்ள முக்கி அழுதுட்டு வருவேன். அந்தத் தண்ணிதான் இப்ப ஸ்டூல்ல உக்காந்து என் முன்னால கால நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

எங்க போறதுக்குத் தாயி செருப்புன்னு மதினிதான் கேட்டா. அதுக்கு அவ, படித்துறையில ஒவ்வொரு பொண்ணும் ஆடிக்குப் போறேன், ஆடிக்குப் போறேன்னு கொழுப்பெடுத்துச் சொல்லுதாளுக, நான் பொறந்ததுல இருந்து எறங்கிக்கிட்டே இருக்கேன், ஒரு நாளாவது ஏறிப் போயி எங்கம்மா வீட்டப் பாத்திருக்கேனா, ஒரு பாய விரிச்சுப் படுத்து எந்திரிச்சிருக்கேனான்னு கேட்டா. அதுக்காகத்தான் இத்தன வருசமா ஆத்தக் கடக்கவுக கால்ல இருந்து செருப்ப உருவி உருவிப் போட்டுப் பாத்தாளாம். சவம், ஒண்ணாவது நிக்கணுமே. செருப்பத் தொலைச்ச சனம் பூரா, அதானா சங்கதின்னு தலைய ஆட்டிக்கிட்டு, அப்பறம் ஒண்ணுபோல திரும்பி என்னையப் பாத்துச்சு. நான் கால அளக்க பலகையத் தேடுத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

பலகைய வச்சு அளந்தா, எடது கால் பெருசு, வலது கால் சிறுசு. இது என்ன எளவு, ரெண்டும் ரெண்டு தினுசா இருக்கேன்னு நான் கேக்க, பெரிய பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரா இருந்து ஓஞ்ச பால்துரை சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கிட்டே, எடது கரை மணலு, அகலமா வளந்திருக்கு, வலது கரை பாறை, ஒடுங்கியிருக்கு, இதுல என்னம்மா ஆச்சரியம்னு வெளக்கம் சொன்னாக. ஊரும் ஒத்துக்கிருச்சு. எங்க வீட்டுக்காரவுக பைய வந்து, காலு சாயங்காலம்தான் வீங்கும், அப்ப அளந்து எடுத்தாத்தான் ஏறும்போது கடிக்காது, அதுவரைக்கும் எந்த மாதிரின்னு பாத்து வைப்போம்னாக. சரின்னு அன்னைக்குப் பூரா எங்க கடையில திருவிழாதான். பஸ்ஸெல்லாம் சந்தைப் பக்கமா சுத்திப் போனுச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக தெருவுல நின்ன மிச்ச ஆத்துல குதிச்சுக் கும்மாளம் போட்டுதுக. ஆத்தப் பாக்க வந்த கூட்டத்துக்கு மதினி வடை சுட்டுச் சுட்டு மாளல்ல.

மொதல்ல பால்துரை சார் வீட்டுக்கு ஓடிப் போயி, தான் மாவட்டப் போட்டியில ஓடின கேன்வாஸ் ஷூவக் கொண்டாந்தாக. அத மாட்டிக்கிட்டு அவ கண்ணாடி வரைக்கும் நடந்தா, அவ்வளவுதான், ஷூவுக்குள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம குட்டை மாதிரி தேங்கிருச்சு. எனக்கு மூச்சு முட்டுது, தேங்கிக் கெடந்தா நான் யாரு, குளமான்னு கத்தினா. கழட்டி ஊத்தும்போது உள்ள ஒரு தவளை இருந்துச்சு. அப்பறம் ஹவாய் செருப்பு. மாட்டி ஒரு எட்டு வைக்க முந்தி அது மெதந்து அவள விட்டுட்டு வாசலுக்குப் போயிருச்சு, பெருவெரல் கொக்கிய மட்டும் நம்பிப் போட்டா ஓட்டத்துக்கு அது எங்க நிக்கும்? அப்பறம் தோல் செருப்பு. ஊறி, பூரி மாதிரி உப்பி, நாத்தம் எடுத்து, வார் தொங்கிப் போச்சு. தலைவர் வனத்துறை ஆளு ஒருத்தர் போட்டிருந்த பூட்ஸக் கழட்டி வாங்கிட்டு வந்தாரு. அதோட எடையில அவளால கால எடுத்து வைக்க முடியல்ல.

நான் விடுவேனா? எங்க கடையிலயே ஒசந்த சரக்க எடுத்தேன்: டர்ர்னு பிச்சு டப்புனு ஒட்டுத பட்டை வச்சது, சீசனுக்கு வார வெளியூரு ஆளுக கொத்திக்கிட்டுப் போகுதது. அதுவும் மொதல்ல நல்லாத்தான் நின்னுச்சு. ஆனா இவ உடம்பு பூரா மணலு பாருங்க, அந்தப் பட்டையோட பல்லுக்குள்ள போயி மணலு அடைஞ்சு, கொஞ்ச நேரத்துல ஒட்டாம அன்னா போறேன் இந்தா போறேன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு. யக்கா, இதத்தான் ஊரு பூரா தலையில கட்டுதீங்களான்னு கேட்டா பாருங்க, கூடி நின்ன அத்தன பேரும் சிரிச்சாக. எனக்கு வந்த கோவத்துல, வேண்டாம்னா வேற கடைக்குப் போன்னு சொல்ல வாயெடுத்தேன். வேற கடை கெடையாது, அதனால பேசாம இருந்துட்டேன்.

கடைசில அவளே எந்திரிச்சு, அலமாரி அலமாரியா ஏறி எறங்கி, மேல் தட்டுல தூசி படிஞ்சு கெடந்த ஒரு மாதிரிய இழுத்துப் போட்டா. பாக்கதுக்கு ஒண்ணும் அழகு கெடையாது. பையில தைக்கிற மாதிரி நைலான் நாடா. வெரலுக்குப் பக்கத்துல ஒண்ணு, மேல்பாதத்துல ஒண்ணு, குதிகாலச் சுத்தி ஒண்ணு, மூணுலயும் இழுத்து விடக் கொக்கி. காலு வீங்கினா தளத்திக்கிடலாம், வத்தினா இறுக்கிக்கிடலாம். ஆடியில ஒரு அளவு சித்திரையில ஒரு அளவுன்னு இருக்கவளுக்கு வேற என்ன வேணும்? பக்கமெல்லாம் தொறந்து கெடந்ததால உள்ள போன தண்ணி அந்தால வெளிய வந்துச்சு, கூழாங்கல்லு நொழஞ்சாலும் கால ஒரு ஆட்டு ஆட்டினா உருண்டு போயிருச்சு. அடியில நல்ல ஆழமான வெட்டு. எங்க கடைக்குப் பக்கத்துச் சந்துல பாசி புடிச்ச ஒரு கல்லு கெடக்கு, அதுல வழுக்காத ஆளே மேலக்கடவுல கெடையாது. அதுல ஏறி நில்லுன்னேன். ஏறினா, நின்னா, ஒரு கால்ல நின்னா, குதிச்சா. பஸ் ஸ்டாண்டே கை தட்டுச்சு, யாரோ வெடி கொளுத்திட்டாக.

சாயங்காலம் மலையில பேஞ்ச மழை எறங்கி அவ நல்லா வீங்கினதுக்கு அப்பறம் அளந்தோம். எடது ஒம்பது, வலது ஏழு. அப்பதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. ஜோடியப் பிரிச்சா மிச்சம் கெடக்க எடது ஏழையும் வலது ஒம்பதையும் எந்த மகராசிக்கு நான் மாட்டி விட? எங்க வீட்டுக்காரவுக ரெண்டு பெட்டியையும் தொறந்து, ஒத்தைக்கு ஒத்தையா மாத்திப் போட்டு, ஒரு பெட்டிய அவகிட்டயும் ஒரு பெட்டிய என்கிட்டயும் நீட்டிட்டாக. மிச்சத்தையும் கையில எடுத்துக்கோக்கா, வழியில வாரு அறுந்தா ஆகும்னா அவ. ஒன்கூட வாரது யாரு, ஒன் எடது கால் ஒம்பது, இங்க இருக்கது எடது ஏழு, இது ஒனக்கு எங்கட்டி ஆகும்னு கேட்டேன். சொன்னாக் கேளுக்கான்னு சொல்லிட்டு வடையப் பாத்துக்கிட்டு இருந்தா. சரியான கோட்டி புடிச்சவன்னு நெனச்சுக்கிட்டேன்.

செருப்பு அமைஞ்சதுக்கு அப்பறம்தான் ஊருக்குப் பயம் புடிச்சுச்சு. போறது போறா, திரும்பி வருவாளா? தாய்வீட்டுக்குப் போன பொண்ணு இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தங்கிட்டா நாத்துக்கு யாரு பதில் சொல்லுவா? பிள்ளையார் கோயில் முன்னால கூடிப் பேசினாக. மடக்கி அணை போடுவோம்னு ஒருத்தர் சொன்னாரு. பொண்டாட்டியக் கட்டிப் போட்டுக் குடும்பம் நடத்துதவரா நீருன்னு மதினி கேக்கவும் உக்காந்துட்டாரு. கடைசில மொறைப்படி செய்வோம்னு முடிவாச்சு. அவ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ, அதனால சீர் வச்சு, வளையல் போட்டு, பூ முடிஞ்சு, புருசன் வீட்டுச் சார்புல ஒரு பொம்பளை கூடப் போயி, ஞாயித்துக்கெழமை சாயங்காலத்துக்குள்ள அழைச்சிட்டு வந்திரணும். மதினி சிறுபருப்புப் பாயாசம் வச்சு ஒரு பெரிய தூக்குச்சட்டியில ஊத்தி மூடினா. கூடப் போக ஆளு யாருன்னு வரும்போது, மறுபடியும் ஊரு ஒண்ணுபோல என்னையப் பாத்துச்சு.

என்னையத் தவிர யாரையும் அனுப்புங்கன்னேன். வழி தெரிஞ்ச பொம்பளை நீ ஒருத்திதானன்னாக. வழி தெரியும், அழைக்காத வீட்டு வாசல்ல போயி நிக்கத்தான் தெரியாதுன்னு சொன்னேன். அப்ப அவ கோயில் படியில கால நீட்டி உக்காந்து புதுச் செருப்பப் பாத்துக்கிட்டே சொன்னா:

"என்னையும்தான் யாரும் அழைக்கல்ல. நான் செருப்பு எடுக்கலையா?"

அவ்வளவுதான். மறுநாள் விடியவும் நானும் அதே மாதிரியில என் அளவுக்கு ஒண்ணு எடுத்து மாட்டிக்கிட்டேன். கட்டி வந்த நாள்ல இருந்து செருப்பு விக்கேன், மலைச்செருப்பு என் கால்ல ஏறுனது அன்னைக்குத்தான்.

நாங்க ஏறினத நீங்க பாத்திருக்கணும். வளையல் கலகலன்னு, மல்லியப்பூ வாசத்தோட, சிலம்பியாறு புதுச் செருப்பு போட்டுக்கிட்டு மலைப்பாதையில மேல போறா. தூக்குச்சட்டி அவ மேல மெதந்து வருது. மீனெல்லாம் தலைகீழாப் போறமோன்னு குழம்பி, அப்பறம் பழகி, வேடிக்கை பாத்துக்கிட்டு வருது. மிச்சப் பெட்டிய இடுப்புல இடுக்கிக்கிட்டு நான் பின்னால ஏசிக்கிட்டே போறேன். பாதை ஆத்தக் குறுக்க வெட்டுத எடமெல்லாம் கடக்க ஆறு இல்லாம காஞ்சு கெடந்துச்சு. எதிர்க்க எறங்கி வந்த வெளியூருக் கூட்டம் அருவிய எங்கன்னு அவகிட்டயே கேட்டுச்சு. அம்மா வீட்டுக்குப் போறேன், திரும்பி வந்து விழுதேன், இருங்கன்னு சொல்லிட்டுப் போனா. அதுல ஒருத்தி செருப்பு எங்க எடுத்ததுன்னு கேட்டா, மேலக்கடவு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லன்னு நான் சொன்னேன்.

அருவிப் பாறைக்கு வந்ததும் மட்டும் கொஞ்சம் நின்னுட்டா. பொறந்த நாள்ல இருந்து அங்க இருந்து விழுந்துக்கிட்டே இருக்கவ, கீழ இருந்து அண்ணாந்து பாத்ததும், யம்மா இம்புட்டு ஒசரத்துல இருந்தா குதிச்சேன்னு வெளவெளத்துப் போயிட்டா. நான் குனிஞ்சு அவ குதிகால் வார இழுத்து இறுக்கி, கீழ பாக்காத, கால் வைக்க கல்ல மட்டும் பாருன்னு சொன்னேன். ஒவ்வொரு கல்லா, ஒவ்வொரு கல்லா ஏறினா. உச்சியில கால வச்சதும் அவ போட்ட கூச்சல்ல பலாமரத்துக் குரங்கெல்லாம் எறங்கி ஓடிருச்சு. நானும் சேந்து கூச்சல் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு, எங்க போறோம்ங்கதே மறந்து போச்சு.

ஊத்துமேடு கண்ணுல பட்டதும் ஞாபகம் வந்திருச்சு. எங்கம்மா ஊத்துப் பாறை மேல முந்தானையப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தா. தலை நரைச்சிருந்துச்சு. சிலம்பியாறு பேச்ச நிப்பாட்டிட்டு, சத்தமில்லாம பாறை இடுக்குக்குப் போயி, எவ்வளவு சிறுசாக முடியுமோ அவ்வளவு சிறுசாகி, தலையக் கீழ வச்சுப் படுத்துக்கிட்டா. நான் நடுவுல நிக்கேன். அம்மா என்னையப் பாக்கல்ல, ஆத்தத்தான் பாத்தா.

"வழி தெரிஞ்சிருக்கு அவளுக்கு"ன்னா.

நானும் பாறையப் பாத்துக்கிட்டே, செருப்பு கெடச்சுச்சு அவளுக்குன்னேன். சீர் தட்ட வச்சேன். தூக்குச்சட்டியத் தொறந்து பாயாசத்த நீட்டினேன். அவ எட்டிப் பாத்துட்டு, பந்தியில போடாதத தூக்குச்சட்டியில குடுத்தா ஆச்சா, பந்தியில வந்து வாங்கிக்கிடுதேன்னா. அப்படின்னா எப்பத்தான் வருவன்னு நான் ஆங்காரமாக் கேக்கும்போதுதான் முந்தானை வெலகி அவ காலு தெரிஞ்சுச்சு. எடது கால் எப்பவும் போல. வலது கால் வீங்கி, கோணி, சாக்குத்துணி சுத்தி இருந்துச்சு. நான் தூக்குச்சட்டியக் கீழ வச்சேன். என்னம்மா இதுன்னு கேட்டேன்.

அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் சொன்னா. என் மொத ஆடிக்கு அழைக்கத்தான் சீர் தட்டோட எறங்கினாளாம். பாதி மலையில ஆத்தக் கடக்கும்போது வழுக்கி, காலு பாறை இடுக்குல மாட்டி ஒடிஞ்சு, எலும்பு கோணலாக் கூடிருச்சாம். கீழ போயி மூச்சு விடப்படாதுன்னு மிளகு தூக்குத ஆளுகளுக்கு அவதான் சத்தியம் வாங்கியிருக்கா. நொண்டின்னு கேட்டா நீ பாவம் பாத்து ஓடி வருவ, எனக்கு அது வேண்டாம், நான் மொறையா அழைச்சு நீ வரணும்னு இருந்தேன்னா. ஒவ்வொரு ஆடிக்கும் எறங்கப் பாத்திருக்கா. ஒவ்வொரு தடவையும் மொதக் கல்லுலயே திரும்பியிருக்கா.

"கால்ல ஒண்ணும் நிக்கல்லட்டி. அதான் வரல்ல."

எங்கையில பெட்டி இருந்துச்சு. அதுல எடது ஏழு, வலது ஒம்பது. நான் திரும்பி ஊத்துப் பக்கம் பாத்தேன். அந்தக் கள்ளி பாறை இடுக்குல இருந்து எந்திரிச்சு உக்காந்து, ரெண்டு காலையும் தொங்கப் போட்டு ஆட்டிக்கிட்டு, வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தா, ரெண்டு காலும் ஒண்ணுபோல ஒரே அளவுல இருந்துச்சு. என் மேலதான வழுக்கினாகன்னு முணுமுணுத்தா. சண்டாளி, தண்ணிக்கு ஏதுட்டி அளவுன்னு எனக்கு அப்பதான் ஒறச்சுச்சு.

எங்கம்மா காலுக்கு முன்னால தரையில உக்காந்தேன். சாக்குத்துணியப் பிரிச்சேன். எடது கால்ல ஏழ மாட்டினேன், வலது கால்ல ஒம்பத மாட்டினேன், நாடாவ எவ்வளவு தளத்த முடியுமோ தளத்தி, கோணலுக்குத் தக்கன வளச்சு, அப்பறம் பைய இறுக்கினேன். பொருந்தி நின்னுச்சு. கண்ணுல தண்ணி முட்டி எனக்கு எதுவும் தெரியல்ல, கடையில எல்லாருகிட்டயும் கேக்கது மட்டும்தான் வாயில வந்துச்சு.

"எங்க போடணும்மா, மலைக்கா, தண்ணிக்கா?"

"ரெண்டுக்கும்தான்"னா எங்கம்மா. "ஒன் வீட்டுக்கு வரணும்ல."

ஞாயித்துக்கெழமை சாயங்காலம், சொன்ன சொல்லு தவறாம சிலம்பியாறு எறங்கி வந்தா. அருவியில விழும்போது வேணும்னே ரெண்டு குட்டிக்கரணம் போட்டா. பாதை ஆத்தக் கடக்க ஒவ்வொரு கடவுலயும் நின்னு எங்கம்மாவுக்குக் கை குடுத்தா. எங்கம்மா ஒவ்வொரு கடவுலயும் நின்னு, அந்த வாரக் கொஞ்சம் இறுக்கு, இந்த வாரக் கொஞ்சம் தளத்துன்னு என்னைய வேலை வாங்கினா. படித்துறையில மேளத்தோட நின்ன சனத்துக்கு நடுவுல அவ தன் தடத்துல எறங்கிப் படுத்ததும், தலைவர் மொத ஆளா சோப்போட குதிச்சாரு. அன்னையில இருந்து அவ யாரு செருப்பையும் உருவுதது கெடையாது. ஆடிக்கு ஆடி மட்டும் எங்க கடைக்கு வந்து வாரச் சரி பாத்துட்டு மலைக்குப் போவா, கூட நானும் போவேன்.

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுலயே பந்தி விரிச்சாக. மொத எலையில எங்கம்மாவ உக்கார வச்சோம், மலைச்செருப்பக் கழட்ட மாட்டேன்னுட்டா. எங்க வீட்டுக்காரவுகளே வாளியத் தூக்கிட்டு வந்து, குனிஞ்சு, ஒரு கரண்டி பாயாசம் ஊத்தினாக. அவ எலையவே பாத்துக்கிட்டு இருந்தா. இன்னொரு கரண்டி ஊத்தினாக. ஊத்திக்கிட்டே இருந்தாக, பாயாசம் எலைய நெறச்சு, நரம்பத் தாண்டி, ஓரத்துல வழிஞ்சு, தரையில எறங்கி, படித்துறையப் பாத்து ஓட ஆரம்பிச்ச பொறவுதான் எங்கம்மா கையக் குறுக்க நீட்டி, போதும்னா.